கட்டலாமா, மாற்றலாமா?

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். செங்கத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் ஏதோ ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். சமையல்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அண்டா கழுவத் தண்ணீர் திறந்தால் குழாயில் காற்றுதான் வருகிறது. ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒரு முனகல், உடனே ட்ரிப். போர்வெல் மோட்டாரின் காயில் போய்விட்டது. எப்படியோ லாரித் தண்ணீரில் கல்யாணம் நடந்து முடிகிறது. மறுநாள் மோட்டாரை மேலே தூக்குகிறார்கள். வைண்டிங் கடைக்காரர் பார்த்துவிட்டு, "காயில் கட்டிக் கொடுத்திடறேண்ணே, நல்லா ஓடும்" என்கிறார். பம்ப் கடைக்காரரோ, "எட்டு வருஷத்து மோட்டாருக்கு எதுக்குண்ணே செலவு பண்றீங்க? புதுசு இறக்கிடுங்க" என்கிறார்.

இரண்டு பேருமே தொழில் தெரிந்தவர்கள். ஆளுக்கொரு தொகையும் சொல்லிவிட்டார்கள். மண்டபத்து மேலாளர் என்ன செய்வார்? பெரும்பாலும் சின்னத் தொகையைத் தேர்ந்தெடுப்பார். இல்லாவிட்டால், மூன்றாவது முறையாகக் காயில் போன கோபத்தில் பெரிய தொகையைத் தேர்ந்தெடுப்பார். விடை அந்த இரண்டு தொகைகளிலும் இல்லை. மோட்டாரின் வயதிலும் பெரிதாக இல்லை. அது எதனால் எரிந்தது, எரிவதற்கு முன்பு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தந்தது, ஆண்டில் எத்தனை நாள் ஓடுகிறது என்ற மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது. மூன்றுக்குமே அளந்து பதில் சொல்ல முடியும்.

அளக்கும் பழக்கம் ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. செங்கம் வட்டாரத்தில் மோட்டார் என்றால் முதலில் அது வயல் மோட்டார்தான். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு ஊரை ஒட்டி ஓடுகிறது. மேலே குப்பநத்தம் அணை இருக்கிறது. ஆனாலும் ஆற்றில் தண்ணீர் போகும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்களே அதிகம். பயிரைக் காப்பாற்றுவது கிணறும் போர்வெல்லும்தான். கோயம்புத்தூரில் 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரை வெளிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த பம்ப் தொழில், தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் மோட்டாரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மோட்டார் போன இடமெல்லாம் அதைப் பிரித்துக் கட்டும் கைவினையும் போனது. சிறு நகரத்து வைண்டிங் கடைகளில் இருக்கும் கைத்திறன் நம் நாட்டின் உண்மையான தொழில்நுட்பச் செல்வங்களில் ஒன்று.

1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். விவசாயிக்கு மோட்டார் ஓடினால் போதும். ஒரு யூனிட்டுக்கு 1,500 லிட்டர் வந்தாலும் 800 லிட்டர் வந்தாலும் அவர் கையிலிருந்து காசு போகப்போவதில்லை. பழுதானால் கட்டு, மறுபடி பழுதானால் மறுபடி கட்டு என்பது அவர் நிலையில் முற்றிலும் சரியான கணக்கு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதே கடை, அதே பழக்கம், அதே பேச்சு, யூனிட்டுக்கு யூனிட் வணிகக் கட்டணம் கட்டும் விடுதிக்கும் மண்டபத்துக்கும் மருத்துவமனைக்கும் அப்படியே வந்துவிடுகிறது. அங்கே கணக்கு வேறு.

முதலில் ஒரு யூனிட்டால் என்ன முடியும் என்று பார்ப்போம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் ஆற்றல். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அதை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 9,800 ஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால், துளியும் வீணாகாத ஓர் இலட்சிய இயந்திரம் ஒரு யூனிட்டில் ஆயிரம் லிட்டரை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும். இது எந்தக் கம்பெனியின் விளம்பரமும் இல்லை. புவியீர்ப்பு விதித்த உச்சவரம்பு. எந்த மோட்டாரும் இதைத் தாண்டாது.

இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டே எந்தக் கட்டடத்தின் பம்பையும் சோதிக்கலாம். போர்வெல்லில் மோட்டார் ஓடும்போது தண்ணீர் மட்டம் 90 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது, மேல்தொட்டி தரையிலிருந்து 10 மீட்டர் உயரம் என்றால், மொத்தம் தூக்க வேண்டிய உயரம் 100 மீட்டர். இலட்சிய இயந்திரம் யூனிட்டுக்கு 3,670 லிட்டர் தரும். நிஜத்தில் மோட்டாரில் கொஞ்சம் வெப்பமாகப் போகும். பம்பின் உள்ளே நீர் சுழன்று உரசுவதில் இன்னும் அதிகம் போகும். குழாயின் உராய்விலும் ஒரு பங்கு போகும். சிறிய நீர்மூழ்கிப் பம்ப்செட் நல்ல நிலையில் இருந்தால் உச்சவரம்பில் 40 சதவீதத்தை ஒட்டித் தரும். யூனிட்டுக்கு 1,470 லிட்டர் என்று கொள்ளலாம். இந்த விகிதத்துக்கு 'நீர்த்திறன்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். மின்கம்பியில் நுழையும் ஆற்றலில் எவ்வளவு தண்ணீராக மேலே வந்து சேர்கிறது என்பதே அது.

அளப்பதற்கு ஆய்வகம் வேண்டாம். தொட்டியின் நீளம், அகலத்தை டேப்பால் அளந்துவிட்டால், தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். தொட்டியிலிருந்து வெளியே போகும் வால்வை மூடிவிட்டு, அரைமணி நேரம் மோட்டாரை ஓட்டி, தொட்டியில் ஏறிய உயரத்தையும் மீட்டரில் ஓடிய யூனிட்டையும் குறித்துக்கொண்டால் போதும். அந்த நேரத்தில் அதே மீட்டரில் ஏசி, லிஃப்ட் எதுவும் ஓடக்கூடாது. மோட்டாருக்கென்று தனியாக ஒரு சிறு மீட்டர் மாட்டிவிட்டால் இந்தத் தொல்லையும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. சித்திரையில் நீர்மட்டம் 60 மீட்டரிலிருந்து 90 மீட்டருக்கு இறங்கிவிட்டால், பம்பில் எந்தத் தேய்மானமும் இல்லாமலே யூனிட்டுக்கு வரும் லிட்டர் குறையும். உயரம் கூடிவிட்டது, அவ்வளவுதான். அதனால் லிட்டரையும் யூனிட்டையும் மட்டும் பார்த்துவிட்டு "பம்ப் தேஞ்சுபோச்சு" என்று சொல்வது தவறு. நீர்மட்டத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். மூன்றும் இருந்தால்தான் நீர்த்திறன் கிடைக்கும். கார்த்திகையில் அளந்ததைச் சித்திரையில் அளந்ததோடு நேரடியாக ஒப்பிடக்கூடாது.

நீர்த்திறன் ஏன் குறைகிறது? பம்பின் வயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இம்பெல்லர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தண்ணீரைச் சுழற்றி அடுத்ததற்குத் தள்ளுகிறது. அவற்றுக்கும் சுற்றியுள்ள கிண்ணத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான். மண்ணும் கல்தூளும் கலந்து வரும் தண்ணீர் அந்த இடைவெளியை அறுத்து அகலப்படுத்துகிறது. மேலே தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு அந்த வழியாகத் திரும்பக் கீழேயே வழிகிறது. மோட்டார் முழு மூச்சோடு சுற்றுகிறது. கரண்ட் பில்லும் முழுசாக வருகிறது. தண்ணீர் மட்டும் பாதிதான் வருகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இது பம்பின் கோளாறு. எரிந்தது மோட்டாரின் காயில். காயிலைக் கட்டினால் இம்பெல்லர் சரியாகிவிடாது. நீர்மூழ்கிப் பம்ப்செட்டில் மேலே பம்ப், கீழே மோட்டார் என இரண்டும் தனித்தனிப் பகுதிகள். இரண்டையும் ஒரே பொருளாக நினைத்து, ஒன்றாகக் கட்டுவது அல்லது ஒன்றாகத் தூக்கி எறிவது என்று முடிவெடுப்பதுதான் பல இடங்களில் நடக்கும் முதல் தவறு. மோட்டாரைக் கட்டி, பம்பின் தேய்ந்த அடுக்குகளை மட்டும் மாற்றலாம். நல்ல பம்பை வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் புதிதாக வாங்கலாம்.

இனி மிக முக்கியமான கேள்வி. எதனால் எரிந்தது?

மோட்டாரின் உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டபடி நெருக்கமாக அடுக்கியிருக்கும். கம்பிக்குக் கம்பி மின்சாரம் தாவாமல் தடுப்பது அதன் மேலுள்ள மெல்லிய உறை. அதைக் 'காப்புறை' என்கிறார்கள். கடையில் இன்சுலேஷன். மோட்டார் சாவது பெரும்பாலும் இந்த உறை சாவதால்தான். உறையைக் கொல்வது வெப்பம். அமெரிக்கப் பொறியாளர் மான்ட்சிங்கர் மின்மாற்றிகளை ஆராய்ந்து 1930-ல் ஒரு விதியை முன்வைத்தார். காப்புப் பொருளின் வெப்பநிலை கிட்டத்தட்ட 10 டிகிரி கூடும்போதெல்லாம் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது அது. காப்புறை கெட்டுப்போவது ஒரு வேதிவினை. வேதிவினைகள் சூட்டில் வேகமெடுக்கும். தோராய விதிதான் என்றாலும் மின்பொறியாளர்கள் இன்றுவரை இதைக் கையாள்கிறார்கள். 20 டிகிரி கூடுதலாகச் சூடேறி ஓடும் மோட்டாருக்கு ஆயுள் கால்வாசிதான். எட்டு ஆண்டு வர வேண்டியது இரண்டே ஆண்டில் முடிந்துவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது? வோல்டேஜ் குறைந்தால் அதே தண்ணீரைத் தூக்க மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். "ஆம்ஸ் ஏறுது" என்று எலக்ட்ரீஷியன் சொல்வது இதைத்தான். கரண்ட் 20 சதவீதம் கூடினால் காயிலில் பிறக்கும் வெப்பம் 44 சதவீதம் கூடும். மூன்று ஃபேஸ்களுக்குள் வோல்டேஜ் 3.5 சதவீதம் ஏறுமாறாக இருந்தாலே மோட்டாரின் வெப்ப உயர்வு கால் பங்கு அதிகமாகிவிடும். ஒரு ஃபேஸ் முழுதாகப் போய்விட்டால் சொல்லவே வேண்டாம்.

செங்கம் போன்ற இடங்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அதைப் பலர் யோசிப்பதில்லை. இங்கே தரைக்கடியில் கடும்பாறை. தண்ணீர், ஆற்றுப்படுகையில் இருப்பதுபோல மண் முழுக்க ஊறி நிற்பதில்லை. பாறையில் உள்ள வெடிப்புகள் வழியாகத்தான் போர்வெல்லுக்குள் வருகிறது. நீர்மூழ்கி மோட்டாருக்கு விசிறி கிடையாது. தன்னை உரசிக்கொண்டு மேலே போகும் தண்ணீரால்தான் அது குளிர்கிறது. பம்ப் தண்ணீரை உறிஞ்சும் வாய் மோட்டாருக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் வரும் வெடிப்பு அந்த வாய்க்கும் மேலே இருந்தால், தண்ணீர் மேலிருந்து வந்து நேராக வாய்க்குள் போய்விடும். கீழே மோட்டாரைச் சுற்றி நிற்கும் தண்ணீர் அசையாது, சூடேறிக்கொண்டே இருக்கும். "ஆழத்தில் தண்ணீர் நிறைய இருக்கே, எப்படி எரியும்?" என்ற புதிருக்கு விடை இது. இதற்கு மருந்து எளிது. மோட்டாரைச் சுற்றி ஒரு குழாய் உறையை மாட்டினால், தண்ணீர் கீழே இறங்கி மோட்டாரை உரசி மேலே ஏறும்படி ஆகிவிடும். கோடையில் நீர்மட்டம் வாய்க்குக் கீழே போய் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினால் வரும் சேதம் தனி. அதற்கு ட்ரை ரன் பாதுகாப்பு உண்டு.

காரணத்தைக் கண்டுபிடிக்க எரிந்த மோட்டாரே சாட்சி. மூன்று ஃபேஸ் மோட்டாரைப் பிரித்ததும் காயிலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால் மோட்டார் முழுதும் அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது. அதிகப்படி பாரம், குறைந்த வோல்டேஜ், குளிர்ச்சி இன்மை ஆகியவற்றில் ஒன்று. சில சுருள்கள் கருகி, இடையிடையே மற்றவை புதிதுபோல் மினுங்கிக்கொண்டு ஒழுங்கான வரிசையில் இருந்தால் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் உருகி ஓட்டை விழுந்து, மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் அந்த இடத்தில் காப்புறையில் குறை, அல்லது மின்னலைப் போன்ற திடீர் வோல்டேஜ் தாக்கியிருக்கிறது. அனுபவமுள்ள வைண்டிங்காரர் ஒரு பார்வையில் இதைச் சொல்லிவிடுவார். ஆனால் மோட்டார் கொண்டுவருபவர் கேட்பது "எவ்வளவு ஆகும், எப்ப கிடைக்கும்" என்ற இரண்டு மட்டும்தான். பழைய காயிலை வெட்டி எறியும்போது அந்தச் சாட்சியமும் போய்விடுகிறது. கைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஃபேஸ் கோளாறால் எரிந்த மோட்டாருக்குப் பதில் புதிது இறக்கினால், அந்தப் புதியதும் அதே கோளாறில் எரியும். கட்டுவதா மாற்றுவதா என்ற விவாதமே அங்கே வீண். முதலில் வாங்க வேண்டியது ஃபேஸ் கோளாறு வந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி.

கட்டிய மோட்டார் புதியதற்கு இணையாகுமா? அமெரிக்காவின் ஈசா, பிரிட்டனின் ஏஇஎம்டி என்ற மோட்டார் பழுதுபார்ப்போர் அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. புதிய மோட்டார்களை எடுத்து முதலில் திறனை அளந்தார்கள். பிறகு காயிலை அகற்றிப் புதிதாகக் கட்டி, மறுபடி அளந்தார்கள். முறைப்படி கட்டியவற்றில் திறன் குறையவில்லை. முறை தவறினால் குறைகிறது. அவர்கள் சோதித்தவை பெரும்பாலும் தரைமேல் ஓடும் பெரிய மோட்டார்கள். இருந்தாலும் எங்கே தவறு நேரும் என்பது சிறிய மோட்டாருக்கும் பொருந்தும். பழைய காயிலை எளிதாக உருவ, நெருப்பில் அளவு மீறிச் சுட்டால் உள்ளே அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகளுக்கு இடையிலான பூச்சு எரிந்துவிடும். பிறகு அந்த இரும்பே சூட்டைக் கிளப்பும். இரண்டாவது, கம்பியின் பருமன். பழைய கம்பியைவிட மெல்லியதைப் போட்டுக் கட்டினால் வேலை சுலபம், செம்பும் மிச்சம். ஆனால் மின்தடை கூடி வெப்பமும் கூடும். அதனால் எந்த கேஜ் கம்பி, எத்தனை சுற்று, மொத்தம் எவ்வளவு எடை என்ற மூன்றையும் பழையதற்கும் புதியதற்கும் சீட்டில் எழுதித் தரக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. நல்ல தொழிலாளி இதைக் கேட்டால் மகிழ்வாரே தவிர கோபப்படமாட்டார்.

ஆனால் காயில் புதிதாவதால் மோட்டார் முழுதும் புதிதாகிவிடுவதில்லை. மாட்டுவண்டிக்குக் கடையாணியை மாற்றினால் வண்டி மறுபடி ஓடும். சக்கரத்து மரத்தின் வயது குறைந்துவிடாது. மோட்டாரின் அடியில் முழுச் சுழலியின் பாரத்தையும் தாங்கும் பேரிங், புஷ், சீல் எல்லாம் எட்டு ஆண்டு பழசாகவே இருக்கும்.

அப்படியானால் புதிதே மேல் என்று தோன்றும். இங்கே அறிவியல் ஓர் எதிர்பாராத செய்தியைச் சொல்கிறது. இயந்திரங்களின் பழுதுக்குப் பாடப்புத்தகங்களில் 'தொட்டி வளைவு' என்று ஒன்று உண்டு. புதிதில் பழுது அதிகம், நடுவில் குறைவு, முதுமையில் மறுபடி அதிகம். வரைந்தால் குளியல் தொட்டியின் குறுக்குவெட்டுப் போல இருக்கும். மனிதர்களின் இறப்பு விகிதமும் ஏறக்குறைய இதே வடிவம்தான். ஆனால் அமெரிக்காவின் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நவ்லன், ஹீப் என்ற இரு பொறியாளர்கள் விமான உறுப்புகளின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்து 1978-ல் வெளியிட்ட அறிக்கை இந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. உறுப்புகளில் 4 சதவீதம் மட்டுமே தொட்டி வளைவில் அடங்கின. 68 சதவீதம் வேறு விதமாக நடந்துகொண்டன. மாட்டிய புதிதில்தான் அவற்றில் பழுது அதிகம். அந்தக் கண்டம் தாண்டிவிட்டால் பிறகு வயதுக்கும் பழுதுக்கும் தொடர்பே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் கழற்றிப் புதிது மாட்டினால், தாண்டிவந்த இளமைக் கண்டத்தை மறுபடி வரவழைத்துக்கொள்கிறோம்.

போர்வெல்லில் இந்த இளமைக் கண்டம் எங்கே இருக்கிறது என்று மோட்டார் இறக்குபவர்களுக்குத் தெரியும். கேபிள் ஜாயின்ட். தண்ணீருக்குள் கிடக்கும் அந்த இணைப்பில் ஈரம் புகுந்தால், நேற்று வாங்கிய மோட்டாரும் இன்று ட்ரிப் ஆகும். இறக்குவதற்கு முன் மெக்கர் என்ற கருவியால் காப்புறையின் தடையைச் சோதிப்பது இதற்காகத்தான்.

அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. உரசியும் அரித்தும் நேரடியாகத் தேயும் எளிய உறுப்புகள் வயதாகத்தான் சாகின்றன. மணல் அறுக்கும் இம்பெல்லர் அந்த வகை. மின்னல் தாக்கும் காயில் அந்த வகை இல்லை. ஆகவே "எட்டு வருஷம் ஆச்சு" என்ற வாதம் இம்பெல்லருக்குச் செல்லும், காயிலுக்குச் செல்லாது.

மீதி இருப்பது பணக் கணக்கு. 1949-ல் ஜார்ஜ் டெர்பரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதற்கு ஒரு தெளிவான சட்டகம் தந்தார். இருக்கும் இயந்திரத்தைக் 'காப்பாளர்' என்றும் புதியதை 'அறைகூவுபவர்' என்றும் கொண்டு, இரண்டையும் வருங்காலச் செலவை மட்டும் வைத்து மோதவிடுவது அவர் முறை. போன ஆண்டு பழையதற்குச் செலவழித்த பதினைந்தாயிரம் இந்தக் கணக்கில் சேராது. அது எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வரப்போவதில்லை. "இவ்வளவு செலவு பண்ணிட்டோம், விடக்கூடாது" என்பதும், "இவ்வளவு செலவு வெச்சிடுச்சு, இனி வேண்டாம்" என்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

எண்களை வைத்துப் பார்க்கலாம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. அவரவர் கடைச் சீட்டிலுள்ள தொகையை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளலாம். புதிய பம்ப்செட் 40,000 ரூபாய், எட்டு ஆண்டு உழைக்கும். முதலுக்கு வட்டியும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏழாயிரத்துச் சொச்சம். பழையதைக் கட்ட 10,000 ரூபாய், மூன்று ஆண்டு உழைக்கும். ஆண்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம். மின்சாரம் யூனிட் 10 ரூபாய்.

திருவண்ணாமலை போகும் வழியில் ஒரு தங்கும் விடுதி. பௌர்ணமி கிரிவலக் கூட்டம், வார இறுதிக் கூட்டம் என்று ஆண்டு முழுதும் நாளுக்கு 20,000 லிட்டர் செலவாகிறது. தூக்கும் உயரம் முன்பு சொன்ன 100 மீட்டர். பழைய பம்பின் நீர்த்திறன் 38 சதவீதம் இருந்தால், 40 சதவீதப் புதியதோடு ஒப்பிட ஆண்டுக்கு அது கூடுதலாகத் தின்னும் மின்சாரம் 2,600 ரூபாய் அளவுதான். கட்டும் செலவோடு சேர்த்தாலும் ஏழாயிரத்துக்குள். கட்டுவதே லாபம். நீர்த்திறன் 25 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் ஆண்டுக்குக் கூடுதல் மின்செலவு கிட்டத்தட்ட 30,000 ரூபாய். அப்போது காயிலை இலவசமாகவே கட்டித் தந்தாலும் நஷ்டம். பம்பை மாற்றியே ஆக வேண்டும்.

அதே 25 சதவீதப் பம்ப் ஆண்டில் 60 நாள் மட்டும் ஓடும் மண்டபத்தில் இருந்தால்? கூடுதல் மின்செலவு 5,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் நெருங்கி வந்துவிடும். ஒரே பம்ப், ஒரே தேய்மானம், இரண்டு கட்டடத்தில் இரண்டு தீர்ப்பு. "எட்டு வருஷம் ஆனா மாத்திடணும்" என்ற பொது விதியும், "பழுதுச் செலவு புதுசோட விலையில பாதியைத் தாண்டினா மாத்திடணும்" என்ற விதியும் ஓடும் நாட்களைக் கேட்பதே இல்லை. அவற்றை நம்பி முடிவெடுப்பதில் பொருளில்லை.

மண்டபத்துக்கு மின்சாரத்தைவிடப் பெரிய செலவு வேறு. முகூர்த்தத்தன்று தண்ணீர் நின்றால் போகும் பெயர். அதற்கு விடை புதிய மோட்டார் என்பதைவிட, கட்டிச் சோதித்து வைத்த பழைய மோட்டாரை மாற்றாக இருப்பில் வைத்துக்கொள்வதே. ஒன்று பழுதாகும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாகும் வாய்ப்பு நூறில் ஒன்றுதான். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டும் ஒரே ஸ்டார்ட்டரில், ஒரே மோசமான லைனில், பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஓடினால் முதலாவதை எரித்தது இரண்டாவதையும் எரிக்கும். நூறில் ஒன்று என்ற கணக்கு அங்கே செல்லாது.

பம்பைத் தாண்டினாலும் இதே சிந்தனை உதவும். விடுதிகளில் கீசர் பழுதானால் எலிமென்ட் போயிருக்கிறதா, தொட்டி ஒழுகுகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இப்பகுதியின் போர்வெல் தண்ணீர் போலக் கடினமான நீரைச் சூடாக்கினால், கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து எலிமென்ட்டின் மேல் உப்பாகப் படியும். இதனால் கரண்ட் அதிகம் செலவாகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது அவ்வளவு சரியில்லை. எலிமென்ட் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. ஆனால் மேலே படிந்த ஓட்டால் வெப்பம் வெளியேறத் தாமதமாகி, எலிமென்ட் உள்ளே மிகையாகச் சூடேறி எரிகிறது. இது உறுப்பின் சாவு. எலிமென்ட்டை மாற்றி, தொட்டியின் உப்பைச் சுரண்டி, தொட்டிக்குப் பதில் தன்னைக் கரைத்துக்கொள்ளும் மெக்னீசியத் தண்டையும் புதிதாகப் போட்டுவிட்டால் கீசர் மறுபடி உழைக்கும். தொட்டியிலேயே ஓட்டை விழுந்துவிட்டால் கதை வேறு. அந்த ஓட்டை விழுந்த இடம் முதலில் தோற்ற இடம் மட்டுமே. மீதிச் சுவரும் அதே தண்ணீரில் அதே காலம் ஊறியதுதான். பற்றவைத்துப் பயனில்லை.

பழைய ஜி.ஐ. குழாயும் அப்படியே. மரை வெட்டிய இடத்தில் சுவர் மெலிந்திருப்பதால் முதல் ஒழுக்கு அங்கே வரும். ஒன்று வந்தால் அதைத் திருத்தலாம். ஒரே ஆண்டில் அதே லைனில் மூன்று இடத்தில் வந்தால் அது தனித்தனிப் பழுது இல்லை, ஒரே அரிப்பு மூன்று இடத்தில் வெளியே தெரிகிறது. குழாயையே மாற்ற வேண்டிய நேரம் அது. வாஷர் தேய்ந்த குழாய்க்கு இந்த யோசனை எதுவும் வேண்டாம். வாஷரைப் போட்டால் போதும்.

மோட்டாரைத் தூக்கும் கூலிக்கும் இறக்கும் கூலிக்கும் கட்டுவது, மாற்றுவது என்ற பேதம் கிடையாது. எதைச் செய்தாலும் அது ஒன்றுதான். அதனால் மோட்டார் மேலே வந்திருக்கும் நாள், மற்றச் சின்னச் சாமான்களை மாற்ற மிக மலிவான நாள். தேய்ந்த புஷ், சந்தேகமான கேபிள் ஜாயின்ட், தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு ஒழுகினால் அது, கிணற்று மட்டத்தை அளக்க ஒரு மெல்லிய குழாய் எல்லாவற்றையும் அன்றே முடித்துவிடுவது நல்லது. நூறு ரூபாய்ச் சாமானுக்காக ஆறு மாதம் கழித்து மறுபடி மோட்டாரைத் தூக்கும் கொடுமை அதனால் தவிரும்.

மண்டபமோ விடுதியோ மருத்துவமனையோ நடத்துபவர்கள் செய்ய வேண்டியது ஒரு சிறு நோட்டை மோட்டார் ரூமில் கட்டித் தொங்கவிடுவது. மாதம் ஒருமுறை தொட்டியில் ஏறிய லிட்டர், ஓடிய யூனிட், நீர்மட்டம், இழுக்கும் ஆம்ஸ் ஆகிய நான்கையும் தேதியோடு அதில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை காயில் போகும்போது அந்த நோட்டையும், எரிந்த காயிலின் படத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு வைண்டிங் கடைக்காரரிடமும் பம்ப் கடைக்காரரிடமும் பேசுங்கள்.